இருபத்தைந்து கேள்வியை யாருக்கும் தாரை வார்க்காதே!

“கணக்கு நமக்கு வராதுண்ணே. அந்த இருபத்தஞ்சை விட்டுட்டு, தமிழ்லயும் பொது அறிவுலயும் பார்த்துக்கலாம்னு இருக்கேன்.”

எந்த ஊர் நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவன் பட்டம் வாங்கியவனாக இருப்பான். குரலில் வருத்தம் துளியும் இருக்காது. பெரிய வியூகம் வகுத்துவிட்ட தோரணைதான் இருக்கும்.

தம்பி, தங்கச்சி, அது வியூகம் இல்லை. சரணாகதி.

குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். தமிழுக்கு 100 வினா, பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கும் மனக்கணக்குக்கும் 25. வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் என்றால், நீ ‘விட்டுவிடலாம்’ என்று சொல்வது முப்பத்தேழரை மதிப்பெண்ணை. ஒரே ஒரு கேள்வியில் தரவரிசை எங்கேயோ போய்விடும் தேர்வு அது. பந்தியில் உட்கார்ந்து, சோறு வரும் முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்திருப்பவனைப் பார்த்து யாராவது ‘புத்திசாலி’ என்பார்களா?

சரி, கணக்கு உன்னை விட்டு எப்போது போனது? யோசித்துப் பார். ஒன்றாம் வகுப்பில் போகவில்லை. கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன. பலருக்கும் விரிசல் விழுந்த இடம் ஆறாம் வகுப்பு. காரணி, மடங்கு, பகு எண், பகா எண், மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்று கரும்பலகை நிறைய எழுத்துகள் வந்து இறங்கிய நாட்கள். உன் அப்பா காலத்தில் அதையே மீ.பொ.வ., மீ.பொ.ம. என்றார்கள், அவரும் அங்கேதான் தடுக்கி விழுந்திருப்பார். அந்த வாரம் உனக்குக் காய்ச்சலோ, ஊரில் திருவிழாவோ, யார் கண்டது? அந்த ஒரு பாடம் போனது. அதன் மேல் கட்டிய பின்னமும் விகிதமும் இயற்கணிதமும் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. பத்தாம் வகுப்பில் வந்து நின்று, ‘எனக்கு மூளையே இல்லை’ என்று தீர்ப்பு எழுதிக்கொண்டாய். ஒரே ஒரு பாடம் புரியாததற்கு ஆயுள் தண்டனையா?

அந்தப் பாடத்தை இன்றைக்கு எடுப்போம். உட்கார்.

12 என்ற எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள் எவை? 1, 2, 3, 4, 6, 12. இவைதான் 12-இன் காரணிகள். ஆறே ஆறு, முடிந்தது. 12, 24, 36, 48 என்று போவது மடங்குகள். அவற்றுக்கு முடிவே இல்லை. காரணி அந்த எண்ணைத் தாண்டாது. மடங்கு அந்த எண்ணுக்குக் கீழே வராது. இந்த இரண்டு வரியை மனத்தில் வைத்துக்கொண்டாலே தேர்வுத்தாளில் பாதிக் குழப்பம் தீரும். 12-க்கும் 18-க்கும் மீ.பெ.கா. 36 என்று ஒருவன் குறித்துவிட்டு வந்தால், அவன் கணக்கில் தோற்கவில்லை, பதற்றத்தில் தோற்றான். காரணி எப்படி அந்த எண்ணை விடப் பெரிதாக இருக்கும் என்று ஒரு விநாடி நின்று கேட்டிருந்தால் போதும்.

1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத எண் பகா எண்: 2, 3, 5, 7, 11. இருப்பது பகு எண்: 4, 6, 8, 9. 1 இரண்டிலும் சேராது. அதற்கு இருப்பது ஒரே காரணி. பகா எண்களில் இரட்டைப்படை 2 மட்டும்தான். இவ்வளவுதான் சரக்கு. இதற்கா இத்தனை வருடம் பயந்தாய்?

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சில மேடைகளில், ‘பகா எண்ணைப் போல் யாராலும் வகுக்க முடியாமல் தனித்து நில்!’ என்று முழங்குவார்கள். கைதட்டல் கிடைக்கும், கணக்கு கிடைக்காது. எனக்கு அந்த உவமைகளில் ஈடுபாடு கிடையாது. நீ 91-ஐப் பார்த்த மாத்திரத்தில் அது பகா எண் இல்லை என்று சொல்வாயானால், அந்த விநாடி உன் முதுகு தானாக நிமிரும். அதுதான் எனக்கு வேண்டும்.

91-ஐ ஏன் சொன்னேன்? நூறுக்குள் ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க 2, 3, 5, 7 என்ற நான்கே நான்கு எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2, 5 கடைசி இலக்கத்திலேயே தெரிந்துவிடும். 3-க்கு இலக்கங்களைக் கூட்டினால் ஆயிற்று: 51, 57, 87 மூன்றும் பகா எண் மாதிரி முகம் காட்டும், கூட்டிப் பார், 6, 12, 15. மாட்டிக்கொண்டன. இந்த மூன்று சோதனையிலும் தப்பி, ஆனாலும் பகு எண்ணாக இருப்பவை நூறுக்குள் மொத்தம் மூன்றே: 49, 77, 91. முதல் இரண்டும் ஏழாம் வாய்ப்பாட்டில் நீ பாடிப் பாடித் தேய்த்தவை. மிச்சம் 91 ஒன்றுதான். ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று. இனி நூறுக்குள் உன்னை ஏமாற்ற எந்த எண்ணும் இல்லை. அங்கே இருக்கும் 25 பகா எண்களும் உன் கைக்குள்.

நூறைத் தாண்டுவோம். 221 பகா எண்ணா? வகுத்துப் பார். ஒற்றைப்படை, எனவே 2 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 5, 3 போகாது. கடைசி இலக்கம் 1, 5 போகாது. 7-ஆல் வகுத்தால் மீதி 4. 11-ஆல் வகுத்தால் மீதி 1. இங்கேதான் பலரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ‘பகா எண்’ என்று குறித்துவிடுகிறார்கள். இன்னும் ஒரே ஓர் அடி இருக்கிறது. 13. பதிமூன்று பதினேழு 221. பிடிபட்டுவிட்டது.

13-லும் போகவில்லை என்று வைத்துக்கொள். அப்புறம் எதுவரை போவது? அதற்கும் எல்லை உண்டு. காரணிகள் ஜோடியாகத்தான் வரும். 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஜோடியில் இரண்டுமே 15 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கற்பலன் 221-ஆக இருக்கவே முடியாது. ஒன்றாவது 14-க்குள் இருந்தாக வேண்டும். எனவே 13 வரை பார்த்தால் கதை முடிந்தது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவனை எந்தத் தேர்வறையிலும் யாரும் மிரட்ட முடியாது.

‘காரணம் எதற்கு? ஷார்ட்கட் சொல்லுங்க சார்’ என்பாய். பயிற்சி மையங்களில் ஷார்ட்கட் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் காரணம் தெரியாத ஷார்ட்கட் தேர்வறையில் கைவிட்டுவிடும். கைவிடும்போது உன் துணிச்சலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் வகுபடுமா என்று பார்க்கிறோமே, அது ஏன்? 4,572-ஐப் பிரி. 4,000 என்பது நான்கு 999-உம் ஒரு 4-உம். 500 என்பது ஐந்து 99-உம் ஒரு 5-உம். 70 என்பது ஏழு 9-உம் ஒரு 7-உம். கடைசியில் 2. 999, 99, 9 எல்லாம் 3-க்கு அடங்கியவை, தள்ளிவிடு. மிச்சம் 4, 5, 7, 2. கூட்டினால் 18. அவ்வளவுதான் ரகசியம். இதே காரணத்தால் 9-க்கும் அந்த விதி செல்லும். ஒரு காரணத்தைப் பிடித்தாய், இரண்டு விதி உன் சொத்து.

தேர்வில் வரும் வகைக் கணக்கு ஒன்றையும் பார்த்துவிடுவோம். ஒரு பேருந்து நிலையத்திலிருந்து மூன்று தடங்களில் 12, 15, 18 நிமிடத்துக்கு ஒரு பேருந்து கிளம்புகிறது. காலை 6 மணிக்கு மூன்றும் ஒன்றாகக் கிளம்பின. மறுபடி எப்போது ஒன்றாகக் கிளம்பும்? 12 என்பது 2×2×3. 15 என்பது 3×5. 18 என்பது 2×3×3. மூன்றையும் அடக்க இரண்டு 2, இரண்டு 3, ஒரு 5 வேண்டும், பெருக்கினால் 180. மூன்று மணி நேரம். காலை 9 மணி. ஒன்றரை மதிப்பெண் வாங்கிக்கொள்.

எந்தப் பகு எண்ணையும் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் பகா எண்களில்தான் வந்து நிற்கும்; எந்த வழியில் உடைத்தாலும் அதே பகா எண்கள், அதே எண்ணிக்கையில். 180-ஐ நீ 18×10 என்று உடை, நான் 12×15 என்று உடைக்கிறேன். இருவருக்கும் கிடைப்பது 2×2×3×3×5. கலெக்டர் உடைத்தாலும் இதுதான், கூலி வேலை செய்பவர் உடைத்தாலும் இதுதான்.

இதைத்தான் நான் உன் தலையில் ஏற்றப் பார்க்கிறேன். வரலாற்றுக் கேள்வியில் புத்தகம் சொல்வதை நீ நம்பியாக வேண்டும். சட்டக் கேள்வியில் பிரிவு எண் நினைவில் இருந்தாக வேண்டும். இங்கே மட்டும்தான் யாரையும் நம்ப வேண்டியதில்லை. விடைக்குறிப்பே தப்பாக இருந்தாலும் ‘இது தப்பு’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் நீ நிரூபித்துவிடலாம். வகுத்துப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அந்த அதிகாரம் உண்டு.

1644-இல் பிரான்ஸ் நாட்டுத் துறவி மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2-ஐ 67 முறை பெருக்கி, 1-ஐக் கழித்தால் வருவது பகா எண் என்றது அந்தப் பட்டியல். பெரிய மனிதர், ஐரோப்பாவின் அறிஞர்களுக்கெல்லாம் கடிதம் எழுதுபவர். அவர் சொன்னது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. 1876-இல் லூக்காஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், அது பகா எண் இல்லை என்று காட்டினார். ஆனால் காரணிகள் எவை என்று அவருக்கும் தெரியவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு வார்த்தை பேசாமல் எழுதினார் என்பார்கள். ஒரு பக்கம் அந்த எண்ணைக் கணக்கிட்டார்: 147573952589676412927. இன்னொரு பக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்தன. போய் உட்கார்ந்துவிட்டார். அரங்கம் கைதட்டியது. மெர்செனின் புகழ் அந்தப் பெருக்கலின் முன்னால் செல்லுபடியாகவில்லை. இத்தனைக்கும் கரும்பலகையில் இருந்தது உனக்கும் தெரிந்த பெருக்கல். நீளம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

‘அவங்க எல்லாம் வெள்ளைக்காரங்க’ என்று இழுக்காதே. கும்பகோணத்துக்கு வா. ராமானுஜன் என்றதும் நாமகிரித் தாயாரையும் 1729-ஐயும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர், எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தோற்றவர், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தவர். அந்த மனிதருக்குக் கேம்பிரிட்ஜ் 1916-இல் பட்டம் கொடுத்தது எந்த ஆராய்ச்சிக்கு என்று தெரியுமா? நீ ஆறாம் வகுப்பில் விட்டுவிட்டு வந்த காரணிகளுக்குத்தான்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு அதிகக் காரணிகள் கொண்ட எண்களை அவர் ஆராய்ந்தார். 12-க்கு ஆறு காரணி. 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. 24-க்கு எட்டு, 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. நம்மவர்கள் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தது எவ்வளவு வசதி என்று இப்போது பார். பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று எதுவும் பிசிறில்லாமல் வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முந்திரி என்று படித்த பின்னம் 1/320. காணி என்றால் நான்கு முந்திரி, மா என்றால் பதினாறு, வீசம் என்றால் இருபது, அரைக்கால் என்றால் நாற்பது, கால் என்றால் எண்பது. எல்லாம் முழு மடங்கு. மீ.சி.ம. என்ற பெயர் வைக்காமலே அதை அன்றாடம் புழங்கிய ஊரில் பிறந்துவிட்டு ‘எங்க வம்சத்துக்கே கணக்கு வராது’ என்கிறாயே, வம்சத்தின் மேல் ஏன் பழி போடுகிறாய்?

ராமானுஜன் அந்த எண்களுக்கு ஒரு பெரிய அட்டவணை போட்டார். 6,74,632 கோடியைத் தாண்டிப் போகிறது அது. அதில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிருந்தது: 2,93,31,86,25,600. நீயே சரிபார்க்கலாம். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பெருக்கு, அந்த எண் வரும். அதற்கு எத்தனை காரணி? ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனுடன் ஒன்றைக் கூட்டிப் பெருக்கு: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5,040. ராமானுஜன் விட்ட எண்ணை, ஆறாம் வகுப்புக் கணக்கை வைத்துக்கொண்டு, உன் வீட்டு மேசையில் நீ சோதித்துவிட்டாய். அவர் சிறியவராகிவிட்டார் என்று சொல்லவில்லை; அவர் உட்கார்ந்து போட்ட கணக்கின் பக்கத்தில் உனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது என்கிறேன். ‘அவர் பிறவி மேதை, நாம எங்கே’ என்று ஒதுங்குவது அடக்கம் இல்லை. உழைப்பிலிருந்து தப்பிக்க ஒரு மேதையின் பெயரைக் கேடயமாகப் பிடிப்பது.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம். 1901-இல் அங்கே பிறந்த சிவசங்கரநாராயண பிள்ளையை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எஸ்.எஸ். பிள்ளை என்றால் உலகக் கணித அறிஞர்களுக்குத் தெரியும். பள்ளிப் பருவத்திலேயே பெற்றோரை இழந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டே, உலகத் தரத்தில் ஆராய்ச்சி செய்தவர். அவர் கண்டுபிடித்த ஒன்றை உன் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

அடுத்தடுத்து வரும் எண்களை எடுத்துக்கொள். பதினாறு வரை எத்தனை வேண்டுமானாலும் எடு, எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கு. அந்தக் கூட்டத்தில் மற்ற எதனோடும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். இதைப் பிள்ளை நிரூபித்தார். பதினேழு ஆனதும் இந்த விதி உடைகிறது! 2,184 முதல் 2,200 வரை எழுது. இரட்டைப்படை எண்கள் தமக்குள் 2-ஐப் பகிர்ந்துகொள்கின்றன, தள்ளு. 2,185-உம் 2,195-உம் ஐந்தில் மாட்டும். 2,187, 2,193, 2,199 மூன்றும் மூன்றில் மாட்டும். மிச்சம் 2,189, 2,191, 2,197. 2,189 என்பது 11×199. வரிசையின் கடைசியில் நிற்கும் 2,200 என்பது 11×200. 2,191 என்பது 7×313; முதலில் நிற்கும் 2,184 என்பது 7×312. 2,197 என்பது 13×169. அதே 2,184 என்பது 13×168. ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினாறு வரை நின்ற விதி பதினேழில் சாய்வதை ஒரு பென்சிலோடு உட்கார்ந்து பார்க்கும்போது உடம்பு சிலிர்க்காவிட்டால், நீ இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், 1950 ஆகஸ்ட்டில், கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை இறந்தார். வயது 49.

தங்கச்சி, உன்னிடம் தனியாக ஒன்று. ‘பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு’ என்பது நம் ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை. 1776-இல் பாரிஸில் பிறந்த சோஃபி ஜெர்மைனுக்கும் வீட்டில் அதே தடை. இரவில் படிக்கக் கூடாது என்று மெழுகுவர்த்தியைப் பிடுங்கி வைத்தார்கள். லெ பிளாங்க் என்ற ஆண் பெயரில் காஸ் என்ற மாமேதைக்குக் கடிதம் எழுதினாள். எழுதுவது பெண் என்று 1807-இல்தான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு பாராட்டு கூடியதே தவிரக் குறையவில்லை. 11-ஐ இரண்டால் பெருக்கி 1 கூட்டினால் 23, அதுவும் பகா எண். 23-க்கு 47, அதுவும் பகா எண். இப்படிப்பட்ட பகா எண்களுக்கு இன்று அவள் பெயர்தான்.

ரொம்பப் பழைய கதையாக இருக்கிறதா? 2002 ஆகஸ்ட்டில், கான்பூர் ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் மணீந்திர அகர்வாலும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் சேர்ந்து, எவ்வளவு பெரிய எண்ணானாலும் அது பகா எண்ணா இல்லையா என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விரைவாகச் சொல்லும் வழியைக் கண்டார்கள். உலகம் தலைமுறை தலைமுறையாகத் தேடியது. பி.டெக். மாணவர்களின் பிராஜெக்ட்டாகத் தொடங்கிய வேலை அது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை 57-ஐப் பகா எண் என்று எழுதினால் மண்டையில் குட்டாதீர்கள், ‘எப்படிச் சொல்றே?’ என்று கேளுங்கள். அவனே இலக்கத்தைக் கூட்டுவான், அவனே அடித்துத் திருத்துவான். அப்படித் திருத்திய பிள்ளைக்கு அடுத்த எண்ணில் பயம் வராது.

தம்பி, இந்தப் பக்கத்தை மூடும் முன் ஒரு வேலை. 391, 401. இரண்டில் ஒன்று பகா எண், மற்றது பகு எண். 2, 3, 5, 7, 11, 13, 17, 19. எட்டே எட்டு வகுத்தல், அதற்கு மேல் போக வேண்டாம். எது பகா எண் என்று நான் சொல்லப் போவதில்லை. கூகுளையும் கேட்காதே, பக்கத்தில் இருப்பவனையும் கேட்காதே. பென்சிலை எடு, போடு.